பஹ்ரைன் எண்ணெய் அருங்காட்சியகம்: கிணற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

பஹ்ரைனில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கட்டாயம் கூட்டிப்போகும் இடம், ஜபல் துகான் மலையடியில் உள்ள எண்ணெய் அருங்காட்சியகம். இந்தச் சின்னத் தீவு எப்படி மாறியது என்பது அங்கேதான் விளங்கும்.

வந்ததும் கட்டடத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில், பக்கத்தில் இருக்கும் முதல் கிணற்றைப் பாருங்கள். 1931 அக்டோபரில் துளையிட ஆரம்பித்து, மறு ஆண்டு எண்ணெய் கண்ட கிணறு. வளைகுடாவின் அரபுக் கரையில் எண்ணெய் கிடைத்தது இங்கேதான் முதல்முறை. இப்போது பார்க்க இருப்பது குழாயும் வால்வுகளும் ஒரு கல்வெட்டும்தான். சுற்றிலும் மணல், மணலின் மேல் நீளும் குழாய்கள்.

ஊரில் போர்வெல் வேலை பார்த்த என் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எத்தனை அடியில கிடைச்சுதாம்?" என்றார். சுமார் 2000 அடி என்றேன். "அந்தக் காலத்து மிஷினை வச்சுக்கிட்டா!" என்று அசந்துபோனார். அருங்காட்சியகத்துக்குள், ரிக் எனப்படும் துளையிடும் கோபுரத்தின் இயங்கும் மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குழாயாக எப்படித் திருகி இறக்குவார்கள் என்று அதைக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய கருவிகள், புகைப்படங்களைவிட எனக்குப் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான்.

அப்பாவுக்கு நான் சொன்ன கதை ஒன்று. எண்ணெய் உரிமையை 1925-இல் வாங்கிய நியூசிலாந்துக்காரர் ஃபிராங்க் ஹோம்ஸ், அதற்கு முன் இங்கே தண்ணீருக்காகத் துளை போட்டுக் கொடுத்தவர். அந்த நல்ல பெயரில்தான், அன்று பஹ்ரைனின் ஆட்சியைக் கவனித்த ஷேக் ஹமத் அவரை நம்பினார். தண்ணீர் கொடுத்தவனை யார்தான் மறப்பார்கள்!

முடிந்தால் முந்தின நாளே முஹர்ரக் நகரில், முத்துத் தொழிலின் பழைய வீடுகளையும் கடைகளையும் இணைக்கும் முத்துப் பாதையைப் பார்த்துவிடுங்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத் தொழிலைச் சாய்த்த நேரத்தில்தான் இந்தக் கிணறு வந்தது. 1936-இல் சுத்திகரிப்பு ஆலையே வந்துவிட்டது. கடலில் மூழ்கி முத்தெடுத்துப் பிழைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இரண்டையும் பார்த்தால்தான் உறைக்கும்.

இடம் சின்னது, ஒன்றரை மணி நேரம் போதும். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, சொந்தக் காரிலோ டாக்ஸியிலோ போங்கள். டாக்ஸி என்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் வயதானவர்களை அந்தக் கிணற்றடியில் நிற்கவைக்க வேண்டாம்.