லினக்ஸில் ஃப்ளாப்பி: மதர்போர்டில் ஒரு தரம், யூஎஸ்பியில் வேறு தரம்

பழைய ஃப்ளாப்பிகளைப் படிக்கவும் புதிதாக எழுதவும் லினக்ஸைத் தாராளமாக நம்பலாம். ஆனால் டிரைவ் எந்த வழியாக இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மதர்போர்டின் 34 முனை கேபிளில் இருந்தால் டிராக் (வட்டின் வளையத் தடம்), செக்டார் (தடத்தின் சிறு துண்டு) எல்லாமே உங்கள் கட்டுப்பாட்டில். யூஎஸ்பி என்றால் டிரைவுக்குள் இருக்கும் சிப் விட்டுக்கொடுப்பது மட்டும்தான்.

முதலில் மதர்போர்டு வழி. லினக்ஸின் மையமான கர்னலில் ஃப்ளாப்பி டிரைவை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், பல கணினிகளில் தானாக ஏறாது; மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்ற வேண்டும். ஏற்றியதும், சாதனங்களுக்கான கோப்புகள் இருக்கும் டெவ் கோப்பகத்தில் எஃப்டி0 வரும். இந்தப் பெயரில் வட்டைத் திறந்தால் டிரைவர் தனக்குத் தெரிந்த வடிவங்களை ஒவ்வொன்றாக முயன்று, பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். படிக்க இதுவே போதும். வெற்று வட்டை ஃபார்மேட் செய்யத்தான் போதாது, கண்டுபிடிக்க அதில் எதுவுமே இல்லையே! ஃபார்மேட் செய்யும் கட்டளையான எஃப்டிஃபார்மேட் பிழை காட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இங்கேதான் லினக்ஸின் மிக நல்ல ஏற்பாடு உதவுகிறது: வடிவத்தையே பெயரில் வைத்த சாதனக் கோப்புகள். எஃப்டி0யூ1440 என்றால் 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். மொத்தம் 14,74,560 பைட். எஃப்டி0யூ720 என்றால் செக்டார் 9. எஃப்டி0யூ1680 என்றால் 21. ஊகத்துக்கு இடமே இல்லை. இன்றைய விநியோகங்கள் பலவற்றில் இந்தக் கோப்புகள் தாமாக உருவாவதில்லை என்பது பெரிய குறை. எம்கேநோட் கட்டளை கொண்டு நீங்களே உருவாக்கலாம்: பிளாக் வகை, டிரைவரைக் குறிக்கும் மேஜர் எண் 2, வடிவத்தைக் குறிக்கும் மைனர் எண் 1440க்கு 28, 720க்கு 16, 1680க்கு 44.

எஃப்டிஃபார்மேட் டிராக்குகளை மட்டுமே வரையும், பிறகு அவற்றைச் சரிபார்க்கும். கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையை எம்கேஎஃப்எஸ் கட்டளை கொண்டு தனியாக எழுத வேண்டும். இரண்டு வேலையும் பிரிந்திருப்பது நல்லதே, கோளாறு வட்டிலா கோப்பு முறைமையிலா என்று உடனே தெரிந்துவிடும்.

வட்டின் மூலையிலுள்ள துளையையும் கவனியுங்கள். எழுதுவதைத் தடுக்கும் துளைக்கு எதிர்ப்புறத்தில் இன்னொன்று இருந்தால் அது 1.44 எம்பி வட்டு. அதில் 720 வடிவத்தில் எழுதினால், துளையைப் பார்க்கும் டிரைவ் அதிக அடர்த்தி என்று எண்ணிக்கொண்டு படிக்கத் தவறும். துளையை டேப்பால் மூடினால் படிக்கும். 720 வட்டில் துளையிட்டு 1.44 ஆக்குவதை மட்டும் செய்யவே வேண்டாம். காந்தப்பூச்சு அதற்கானதல்ல, எழுதியது நாளடைவில் மங்கும்.

வட்டை மாற்றிய பிறகும் பழைய வட்டின் பட்டியலே வந்தால், வட்டு மாறியதை டிரைவிலிருந்து கணினிக்குச் சொல்லும் கம்பி வேலை செய்யவில்லை என்று பொருள். அதே நிலையில் எழுதினால் புது வட்டின் கோப்பு அட்டவணை நாசமாகும். டிரைவருக்கு 'புரோக்கன் டிசிஎல்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால், சாதனத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வட்டு மாறியதாகவே எடுத்துக்கொள்ளும். கணினி வட்டைப் பிடித்து வைக்காது, பொத்தானை அழுத்தினால் வெளியே வந்துவிடும். அதனால் வட்டின் இணைப்பை விடுவிக்கும் அன்மவுண்ட் முடிந்து விளக்கு அணையும்வரை கை வைக்காதீர்கள். மவுண்ட் தொல்லையே வேண்டாம் என்றால் மவுண்ட் செய்யாமலே வட்டைக் கையாளும் எம்டூல்ஸ் அருமையான மாற்று. அதில் பட்டியலிடும் எம்டிர், நகலெடுக்கும் எம்காப்பி இரண்டும் போதும்.

யூஎஸ்பி டிரைவ் எஃப்டி0 ஆக வராது, எஸ்டிபி போன்ற பெயரில் வரும். தவறான பெயரைக் கொடுத்தால் அழிவது வன்தட்டு, ஆகவே வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டு அளவைப் பார்த்த பின்பே தொடுங்கள். எஃப்டிஃபார்மேட் இங்கே செல்லாது, யூஎஸ்பி ஃப்ளாப்பிக்கான யூஎஃப்ஐஃபார்மேட் வேண்டும். அது 1440, 720 என்று டிரைவ் ஏற்கும் வடிவங்களோடு நின்றுவிடும். 21 செக்டார் வட்டுக்கு வழியில்லை.

பழுதான வட்டை டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு 18 கிலோபைட் துண்டுகளாக நகலெடுப்பது வேகம்தான். ஆனால் பிழையைத் தாண்டிப் போகச் சொன்னால் ஒரு செக்டார் கெட்டாலும் துண்டு முழுக்க 36 செக்டாரும் போய்விடலாம். பழுதான வட்டுகளை மீட்கும் டிடிரெஸ்க்யூ அந்த ஒரு செக்டாரை மட்டும் விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும்.

2019இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலின் ஃப்ளாப்பி டிரைவரைப் பராமரிப்பவர் இல்லாதது என்று குறித்தார். பின்னர் ஒருவர் பொறுப்பேற்றார். அமிகாவின் 880 கேபி, பழைய மேக்கின் 800 கேபி வட்டுகளை இதில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பிசி கன்ட்ரோலரால் அவற்றைப் படிக்க இயலாது, காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் கிரீஸ்வீசல் போன்ற தனிக் கருவி தேவை.