கவ்வும் ரிட்டார்டரா, பிஸ்டன் ரிட்டார்டரா?

ஹம்ப் யார்டு என்பது, வேகன்களை ஒரு மேட்டில் ஏற்றி, அங்கிருந்து உருளவிட்டுத் தனித்தனி லைன்களுக்குப் பிரிக்கும் இடம். உருளும் வேகனின் வேகத்தைக் குறைக்கத் தண்டவாளத்தில் பொருத்தும் பிரேக்தான் ரிட்டார்டர். தில்லியின் துக்ளகாபாத் போன்ற ஹம்ப் யார்டில், 3 மீட்டர் மேட்டிலிருந்து தடையின்றி உருளும் வேகன் கீழே வரும்போது மணிக்கு 27 கி.மீ.யைத் தாண்டும். நிற்கும் வேகனோடு முட்டிச் சேர வேண்டிய வேகம் சுமார் 5 கி.மீ.தான். உருளும்போது உராய்வில் கரைவது போக மீதி ஆற்றலையெல்லாம் ரிட்டார்டர்தான் வாங்க வேண்டும்.

கவ்வும் வகையில், தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள நீளமான பிரேக் ஷூக்கள் சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருக்கும். ரேடார் வேகத்தை அளக்க, அதற்கேற்பக் காற்றழுத்தம் கூடும், குறையும். பலம் அதிகம், இடம் கொஞ்சம். ஆனால் எடைதான் சிக்கல். பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன் காலியாக 22 டன்னை ஒட்டி இருக்கும், சரக்கோடு 81 டன். கனத்துக்கு வைத்த அழுத்தத்தில் காலி வேகன் நுழைந்தால் சக்கரம் மேலே பிதுங்கித் தடம் புரளலாம். கவ்வும் வகையிலேயே, வேகனின் எடையே பிடியைத் தீர்மானிக்கும் ஹைட்ராலிக் ரகத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. காலியும் பாரமும் கலந்து வரும் யார்டுக்கு அதையே சொல்வோம்.

சக்கர விளிம்பில் கிரீஸ் ஒட்டியிருந்தால் எந்தக் கவ்வும் ரகமும் வழுக்கும். காய்ந்த சக்கரமோ காதைக் கிழிக்கும். பராமரிப்பில் முதல் வேலை ஷூ இடைவெளியைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் கேஜ் வைத்து அளப்பது. ஒரு பக்க ஷூ மட்டும் வேகமாகத் தேய்ந்தால் ஷூவை மட்டும் மாற்றிப் பயனில்லை, நெம்புகோலின் பின்னையும் புஷ்ஷையும் பாருங்கள். தில்லியின் மழைக்காலத்தில் காற்றுத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து வால்வு மந்தமாகும், ஷிஃப்ட் தொடங்கும்போதே வடித்துவிட வேண்டும். கை வைக்கும் முன் லைனில் வேகன் வராதபடி பிளாக் செய்து, காற்றை இறக்கி, வால்வைப் பூட்டுவதில் சலுகையே கிடையாது.

பிஸ்டன் ரகத்துக்குக் கம்ப்ரஸரும் வேண்டாம், ரேடாரும் வேண்டாம். தண்டவாளத்தின் உள்பக்கம் வரிசையாக நிற்கும் சிறு சிலிண்டர்களைச் சக்கரத்தின் பிளாஞ்ச், அதாவது உள்பக்கம் நீண்டிருக்கும் விளிம்பு, அமுக்கும். குறித்த வேகத்துக்குக் கீழே ஆயில் வழிவிடும்; மேலே போனால் வால்வு மூடிக்கொண்டு எதிர்க்கும். ஒன்று வாங்கும் ஆற்றல் சொற்பம் என்பதால் நூற்றுக்கணக்கில் பதிக்க வேண்டும். சீல் தேய்ந்து ஆயில் கசிந்தால் அந்த ஒன்று மட்டும் செயலிழக்கும், யார்டு நிற்காது. பழுதானதைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். ஆனால் தில்லித் தூசி பிஸ்டன் தண்டில் படிந்து சீலைச் சுரண்டும். காலால் மிதித்துப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால்தான் உண்மை தெரியும்.

மேட்டடியில் கவ்வும் ரகம், பிரிந்து போகும் லைன்களில் பிஸ்டன்: எங்கள் தேர்வு இதுதான். எதை வைத்தாலும் லைனின் கோடியில் ஸ்கிட், அதாவது சக்கரம் ஏறி நிற்கத் தண்டவாளத்தின் மேல் வைக்கும் இரும்புக் கட்டை, தேவைப்படும். முன்பக்க நாக்கு வளைந்த ஸ்கிட்டை உடனே ஒதுக்கிவிடுங்கள். தடம் பிரியும் பாயிண்ட்டுக்கும் தண்டவாள மூட்டுக்கும் அருகில் எந்த ஸ்கிட்டையும் வைக்காதீர்கள். ஸ்கிட் அங்கே சிக்கினால் வேகன் தடம் புரளலாம்.