ஆறு வருஷமாக ஃபாஸ்டேக், மேப், ரயில் செயலி: பள்ளத்தூரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

2019 டிசம்பரில் எங்கள் காரின் முன் கண்ணாடியில், சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஆத்தாவை மாதம் ஒருமுறை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளத்தூரில் கிளம்பி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய சாலை ஏறி, திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் என்று போகிற வழி. டாக்டர் கொடுத்த நேரம் தவறினால் ஆத்தா மதியம் வரை பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில்தான் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், வழியில் எங்கே எவ்வளவு நின்றோம் என்பதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துச் சொல்வதுதான்.

முதலில் ஃபாஸ்டேக். அந்த ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. சாவடியில் மேலே மாட்டியிருக்கும் கருவி அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கணக்கிலிருந்து பணம் கழியும். ஆரம்பத்தில் பாதி வண்டிகளில் ஸ்டிக்கர் இல்லை என்பதால் எனக்கு இருந்தும் பயன் தெரியவில்லை. முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால் நானும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் கட்டாயமாக்கி, இல்லாதவர்களுக்கு இரட்டிப்புக் கட்டணம் என்று வைத்த பிறகுதான் மாற்றம் கண்ணில் பட்டது. 2018-19-இல் சாவடியில் சராசரியாக 8 நிமிடம் காத்திருந்தது ஃபாஸ்டேக் வந்தபின் 47 விநாடியாகக் குறைந்தது என்று மத்திய அரசு சொன்னது. லெம்பலக்குடிச் சாவடியைத் தாண்டிய என் குறிப்புகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள்கள் மட்டும் விலக்கு.

ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று உண்டு. திருச்சிக்கு ஓட்டும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இருந்த வித்தியாசம். முன்பெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புவேன். இப்போது கால் மணி போதும். மிச்சமான அந்த அரை மணி ஆத்தாவின் விடியற்காலைத் தூக்கத்துக்குப் போனது. வேகத்தைவிட நிச்சயம்தான் எங்களுக்குப் பெரிய லாபம். இந்தக் கருவிகள் எதைப் பற்றிப் பேசினாலும் இப்போது நான் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

குறையும் உண்டு. ஒரு சாவடியில் ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பணம் கழிந்தது. வங்கிக்கு எழுதி, குறுஞ்செய்தியைப் படம் எடுத்து அனுப்பி, பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. தொகை சிறிதுதான். ஆனால் எழுதத் தெரியாத ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் இதை எப்படிக் கேட்டு வாங்குவார் என்று மனது உறுத்தியது. உங்களுக்கு நேர்ந்தால் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது, வந்தபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 முறை கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அந்த விலையில் முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான். மாதம் ஒருமுறை போய்வரும் எனக்கு அது கட்டாது. வாரந்தோறும் திருச்சி போகிற என் மச்சானுக்கு நன்றாகக் கட்டுகிறது.

அடுத்தது மேப். இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெரிய சாலையில் அதை நம்பலாம். சாலையில் போகிறவர்களின் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்று பார்த்துத்தான் அது நெரிசலைச் சொல்கிறது. புதுக்கோட்டை, திருச்சி ஊர்களுக்குள் போன்கள் ஏராளம், கணக்குச் சரியாக வருகிறது. எங்கள் பக்கத்துக் கிளைச் சாலைகளில் மதியம் ஒரு மணிக்கு நாலு வண்டி போனால் அதிகம். அங்கே மேப் காட்டுவது பழைய நாள்களின் கணக்கை வைத்துப் போட்ட ஊகம்தான்.

ஊருக்குள் வந்தால் வேறு சிக்கல். செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஒரு தெருவில் முகப்பு வைத்து, நடுமுற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு, அடுத்த தெருவில் கொல்லை வாசலோடு முடிகிறவை. மேப்பில் குத்திய புள்ளி வீட்டின் நடுவில் விழும். அங்கிருந்து எந்தத் தெரு கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். போன வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த உறவினர், ராத்திரி பதினொரு மணிக்குக் கொல்லைப்புறச் சுவருக்கு எதிரே நின்று போன் செய்தார். "அண்ணே, வந்து சேர்ந்தாச்சுன்னு மேப் சொல்லுது, இங்க ஒரு வாசலையும் காணோமே" என்றார். மேளச் சத்தம் அவருக்குக் கேட்கிறது, வழி மட்டும் தெரியவில்லை.

அதோடு எங்கள் ஊர்களில் வீடு கேட்பவர் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார், விலாசத்தைச் சொல்வார். தாத்தா, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்கிற அந்த விலாசம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், மேப்புக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் அண்ணன் மகனும் உட்கார்ந்து எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் முகப்பு இருக்கும் பக்கமாகப் புள்ளிகளை மாற்றி வைத்தோம். ஒரு மாதத்தில் கூரியர்காரர்கள் போன் செய்வது பாதியாகக் குறைந்தது. உங்கள் ஊரிலும் தயவுசெய்து செய்யுங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.

மேப்பை அறவே நம்பக்கூடாத நாள்களும் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போவார்கள். வெயிலுக்கு முன்னே தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று இருட்டோடு நடப்பார்கள். அந்த நேரத்தில் மேப் சாலையை நெரிசல் இல்லை என்றே காட்டும், வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் சாலையோரம் முழுக்க வெறுங்காலோடு நடக்கும் மனிதர்கள். எங்கள் அப்பச்சியும் இருபது வருஷம் அப்படி நடந்தவர். அந்த வாரத்தில் அந்தப் பக்கம் போனால் நான் மேப்பை அணைத்துவிட்டு மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். நடப்பவர்கள் பையின் முதுகுப்பக்கம் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வது, நான் பார்த்த எந்தச் செயலியையும்விட அங்கே உயிரைக் காக்கும்.

ரயிலுக்கு 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலி. குறையே சொல்ல முடியாது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது இணையம் இல்லாவிட்டாலும் செல்போன் கோபுரங்களை வைத்தே எங்கே வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடும். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வரும் பிள்ளைகளை அழைத்துவர, வண்டி புதுக்கோட்டை தாண்டியதும் போன் செய்யச் சொல்லி, அப்புறம்தான் காரைக்குடிக்குக் கிளம்புகிறேன்.

சரி, இவ்வளவும் கார் வைத்திருப்பவன் கதை. எங்கள் வீட்டில் ஆத்தாவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு முடிவு அவருக்குச் செய்த நன்மையை மேலே நான் சொன்ன எதுவும் செய்யவில்லை. ஆனால் பஸ் எப்போது வரும் என்பது அவருக்கு இன்றும் தெரியாது. சென்னையில் 2022-லேயே 'சென்னை பஸ்' செயலி வந்து, மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று போனில் பார்க்க முடிகிறது. 2025-இல் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் பஸ் போன்ற புதிய பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் வேண்டும் என்று விதியே இருக்கிறது. நகரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் இடத்தில்கூட அந்தத் தகவலுக்கு மதிப்பு உண்டென்றால், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்கிற ஊர்களில் அது எத்தனை மடங்கு வேண்டும்? எனக்குக் கிடைத்த அதே நிச்சயம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த பஸ் நிறுத்தங்கள்தான்.

இப்போதைக்கு அக்கா தனக்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். காரைக்குடியிலிருந்து வரும் பஸ் கோட்டையூர் தாண்டித்தான் பள்ளத்தூர் வந்து திரும்பும். அவர் மகளுக்குக் கோட்டையூர் நிறுத்தத்தை ஒட்டிப் பூக்கடை. தினமும் சாயங்காலம் ஆத்தாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போன் ஒரு முறை அடித்து நிற்கும். எடுக்க மாட்டார். "வண்டி தாண்டிருச்சு, வர்றேன் ஆச்சி" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.