பழைய ஸ்ப்ளெண்டர் சோக் போட்டால்தான் ஓடுகிறதா? கார்பரேட்டரைக் கழுவுவதா, மாற்றுவதா

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கை வாங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இருமி இருமி நிற்கிறது. "கார்பரேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்ற பதில் பல பட்டறைகளில் உடனே வந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்பரேட்டர். வண்டியோடு வந்த ஒரிஜினல் கார்பரேட்டரை ஒருமுறை முறையாகக் கழுவிப் பார்க்காமல் தூக்கிப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சோக் காற்று வழியை அடைக்கிறது, அதனால் பெட்ரோல் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. சோக் இருந்தால்தான் ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். தேங்கி நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சமிருக்கும் பிசின் ஸ்லோ ஜெட்டின் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் சின்னக் குழாய்) மயிரிழைத் துளையில் படிந்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால், கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பும் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஸ்ப்ளெண்டர், கார்பரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆகவே இன்று கைக்கு வரும் கார்பரேட்டர் வண்டி எதுவானாலும் இத்தனை வருஷம் இந்தப் படிவு சேர்ந்ததுதான்.

கார்பரேட்டரில் கை வைக்குமுன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் ஹெட்டில் தொட்டபடி கிக் அடித்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. அப்புறம், கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அது காய்ந்து காற்று கசிந்தாலும் இதே நோய்தான் வரும்.

சரி, கழுவுவதற்கு வருவோம். செலவு ஒரு ஸ்ப்ரே கேனும் ஒரு மாலை நேரமும். காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்று போதும். ஊசியை விட்டால் துளை பெரிதாகி, பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஸ்ப்ரே அடிக்குமுன் ரப்பர் பாகங்களைக் கழற்றி வையுங்கள். ஜெட்டோடு நிறுத்தாமல், பாடிக்குள் ஓடும் ஸ்லோ வழியிலும் கம்ப்ரசர் காற்று விட வேண்டும். "கழுவியாச்சு, சரியாகல" என்று வரும் வண்டிகளில் விட்டுப்போன இடம் பெரும்பாலும் இதுதான்.

ஓவர்ஃப்ளோவும், அதாவது கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிவதும், இருந்தால் ரிப்பேர் கிட் வாங்கலாம். ஆனால் அதிலிருந்து, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடிலையும் ரப்பர்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜெட் கெடாமல் இருந்தால் அதுவே இருக்கட்டும்.

டூப்ளிகேட் கார்பரேட்டரின் கவர்ச்சி, மாட்டிய அன்றே வண்டி சிணுங்காமல் ஸ்டார்ட் ஆவது. விலையும் குறைவு. பிரச்சினை பிறகு வரும். ஜெட் அளவு வண்டிக்குப் பொருந்தாது, ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடு தளர்வாக இருக்கும். ஐடில் (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். மைலேஜுக்காகவே வாங்கப்படும் வண்டியில் இதை மாட்டுவது எனக்கு ஒப்பவே இல்லை.

ஒரிஜினல் புதுசு விலை கூடுதல்தான். ஸ்லைடு தேய்ந்து ஆடினாலோ, மிக்சர் ஸ்க்ரூவின் மரை போயிருந்தாலோ, பாடி அரித்திருந்தாலோ அதற்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினலும் நல்ல வழிதான், ஸ்லைடை ஆட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு.

எதைத் தேர்ந்தாலும் டேங்க்கை முதலில் காலி செய்து துருவைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் புது கார்பரேட்டரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மாட்டிய பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலை 1400 ஆர்பிஎம் அளவில் வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகும்போது பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது கூடும். சத்தம் அதிகமாக ஏறும் இடத்தில் விட்டு, ஐடிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் ஓட்டிவிட்டு பிளக்கைப் பாருங்கள். காப்பி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் ஓ-ரிங்கை மறுபடியும் சோதியுங்கள். கறுத்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.