எஃகு ரகங்களுக்கு இணை தேடுவோர்க்கு: 'ஷ்டால்ஷ்லூசல்' கையேடு

வெளிநாட்டு இயந்திர வரைபடத்தில் குறிக்கப்பட்ட எஃகு ரகத்துக்கு ஈடாக உள்ளூர்ச் சந்தையில் எதை வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பில் உள்ளவர்கள், ஜெர்மனியின் மார்பாஹ் நகரிலிருந்து வெளிவரும் 'ஷ்டால்ஷ்லூசல்' கையேட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஆங்கிலத்தில் 'கீ டு ஸ்டீல்' எனப்படும் இந்நூல் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. பல நாட்டுத் தரநிலைப் பெயர்களோடு, ஆலைகள் தம் எஃகுக்குச் சூட்டும் வணிகப் பெயர்களையும் தொகுத்துத் தருகிறது.

தேடலுக்கு அடிப்படை ஜெர்மானியப் பொருள் எண்தான். 1.7225 என்ற எண்ணில் முதலில் உள்ள 1 எஃகைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் எஃகுக் குழுவையும், கடைசி இரண்டு இலக்கங்கள் அக்குழுவுக்குள் வரிசையையும் குறிக்கும். இந்த எண்ணைப் பிடித்துவிட்டால் ஐரோப்பாவின் 42சிஆர்எம்ஓ4, அமெரிக்காவின் 4140, ஜப்பானின் எஸ்சிஎம்440 ஆகியவை ஒரே குடும்பம் என்பது தெரிந்துவிடும். நம் பட்டறைகளில் இன்றும் வழங்கும் ஈஎன்19 என்ற பெயரும் இவற்றுக்கு நெருங்கியதே. ஆனால் அது பிரிட்டனின் பழைய பி.எஸ். 970 தரநிலையிலிருந்து வந்தது, ஐரோப்பியத் தரநிலைகளின் முன்னொட்டான ஈஎன்னுடன் அதற்குத் தொடர்பில்லை.

இந்நூலை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், பெயரோடு வேதிச் சேர்மானத்தையும் அச்சிட்டிருப்பதே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணைகள் பலவும் பெயர்களை மட்டும் பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, எந்த அளவுக்கு இணை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. 42சிஆர்எம்ஓ4 ரகத்தில் குரோமியம் 0.90 முதல் 1.20 சதவீதம் வரை இருக்க வேண்டும். 4140 ரகத்திலோ 0.80 முதல் 1.10 வரை இருந்தால் போதும். ஆகவே 0.85 சதவீதக் குரோமியத்துடன் வந்த உருக்கு அமெரிக்கத் தரநிலையில் தேறும், ஐரோப்பியத் தரநிலையில் தேறாது. மெல்லிய உறுப்பில் இவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம்; பருமனான தண்டில் கடினத்தன்மை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை இத்தகைய சிறு வேறுபாடுகளே தீர்மானிக்கின்றன.

துருப்பிடிக்காத எஃகில் இது இன்னும் வெளிப்படை. அமெரிக்காவின் 316 ரகத்தில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஐரோப்பியர் அதையே இரண்டாகப் பிரித்து, 1.4401 ரகத்துக்கு 2.0 முதல் 2.5 வரையும், 1.4436 ரகத்துக்கு 2.5 முதல் 3.0 வரையும் வைத்துள்ளனர். வரைபடம் 1.4436 என்று கேட்கும்போது, வெறுமனே 316 என்று கொள்முதல் ஆணை எழுதுவது போதாது. மாலிப்டினத்தின் கீழ் எல்லையையும் அதில் எழுதியாக வேண்டும்.

எனினும், எந்தக் கையேடானாலும் அதன் ஒரு வரியை மட்டும் நம்பி மாற்றுப் பொருளுக்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், கட்டுமான எஃகுக்கு இது மிகவும் பொருந்தும். அமெரிக்காவின் ஏ36, இந்தியாவின் ஐ.எஸ். 2062 ஈ250 இரண்டுக்கும் ஈல்டு வலிமை (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 250 மெகாபாஸ்கல் என்பதால் அவை ஒன்றே எனத் தோன்றும். ஆனால் 50 மில்லிமீட்டர்த் தகட்டில் ஏ36 அதே 250-ஐக் கேட்கிறது. ஈ250-க்கோ, தடிமன் 40-ஐத் தாண்டினால் 230 போதும். ஐரோப்பாவின் எஸ்275ஜேஆர் அறை வெப்பநிலையில் 27 ஜூல் தாக்க வலிமையை, அதாவது திடீர் அடியைத் தாங்கும் திறனை, உறுதிப்படுத்துகிறது. ஏ36 தானாக அத்தகைய சோதனை எதையும் கோருவதில்லை. ஜப்பானின் எஸ்எஸ்400-இல் உள்ள 400 இழுவலிமையை (அறுவதற்கு முன் தாங்கும் உச்ச அழுத்தத்தை) குறிப்பது, எஸ்275-இல் உள்ள 275 ஈல்டு வலிமையைக் குறிப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது ஆபத்து. அதிலும் எஸ்எஸ்400 பாஸ்பரசுக்கும் கந்தகத்துக்கும் மட்டுமே வரம்பு விதிக்கிறது. கார்பனுக்கு வரம்பு இல்லாததால், வெல்டிங்குக்கு ஏற்றதா என்பதை ஆலைச் சான்றிதழைப் பார்த்தே அறிய முடியும்.

கையேட்டின் விலை மலிவன்று, சிறு பட்டறைக்குச் சுமையாகவே இருக்கும். எண்மப் பதிப்பும் உண்டு என்றாலும், அருகருகே உள்ள ரகங்களைக் கண்ணால் ஒப்பிட அச்சு நூலே எனக்கு வசதியாக உள்ளது. அவ்வப்போது புதிய பதிப்பு வருவதால் பழைய பதிப்புகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. எஸ்டி 37, எஸ்டி 52 போன்ற பழைய ஜெர்மானியப் பெயர்கள் எழுதப்பட்ட பழைய இயந்திர வரைபடங்களைப் படிக்க அவை நன்றாகவே உதவும். புதிய கொள்முதலுக்கு மட்டும், கையேட்டில் கண்ட ரகத்தின் நடப்புத் தரநிலையைத் தருவித்து, தடிமன், வெப்பப் பதப்படுத்தல், தாக்கச் சோதனை ஆகிய மூன்றையும் சரிபார்த்து, வடிவமைப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்ற பின்பே ஆணை அனுப்ப வேண்டும்.