மணாலியில் இரண்டாவது வீடு: 25,000 ரூபாய் கட்டித் தேடிய கதை

டெல்லியில் நவம்பர் வந்துவிட்டால் மயூர் விஹார் வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியாது, பெரியவனுக்கு ராத்திரியில் நெபுலைசர் வைக்காமல் தூக்கம் கிடையாது. மலையில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஹிமாசலில் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு அதிலேயே மூழ்கிப்போனது இன்னொரு காரணம். போன மே மாதம், வீடு தேடித் தரும் ஒரு நிறுவனத்துக்கு 25,000 ரூபாய் கட்டினோம். மூன்று நாள், ஆறு வீடு, சட்ட ஆலோசனையும் சேர்த்து என்றார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. நம்மவர்கள் இரண்டு குடும்பம் இதே மாதிரி ஓர் இடத்தில் பணம் கட்டக் கிளம்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி சுத்தம், தங்கிய இடம் சுத்தம், டிரைவர் தங்கமான மனிதர். குல்லு தாண்டியதும் பியாஸ் ஆற்றோரமாக நிறுத்தி, 2023 ஜூலை வெள்ளத்தில் சாலை போன இடத்தைக் காட்டினார். "ஆற்றுக்குப் பக்கத்தில் மட்டும் வாங்காதீர்கள்" என்று சொன்னதும் அவர்தான், ஏஜென்ட் இல்லை. ஏஜென்ட் காட்டிய ஆறில் இரண்டு வீடு ஆற்றங்கரையிலேயே இருந்தது.

மூன்றாவது வீடு எங்களுக்குப் பிடித்திருந்தது. நக்கர் பக்கம், பின்னால் ஆப்பிள் தோட்டம், பழைய காட்குணி முறையில் கட்டியது என்றார்கள். காட்குணி என்றால் கல் ஒரு வரிசை, தேவதாரு மரக்கட்டை ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டுவது. நிலம் ஆடும்போது சுவரும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். நக்கர் கோட்டை அப்படிக் கட்டியதுதான், 1905 காங்ரா நிலநடுக்கத்தையே தாங்கி நின்றது. என் வீட்டுக்காரர் கட்டட இஞ்சினியர். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், பலகை டொக் டொக் என்றது. கான்கிரீட் மேல் பலகை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்னால் மலையைத் தாங்கும் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை, அடியில் ஈரம் கோடு போட்டிருந்தது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று கேட்டதற்கு ஏஜென்டிடம் பதில் இல்லை.

உண்மையான கோபம் சட்ட ஆலோசனையில்தான். "உங்களுக்குத்தான் தமிழ்நாட்டில் நிலம் இருக்கிறதே, நீங்களும் விவசாயிதான், சிட்டா நகல் அனுப்புங்கள், போதும்" என்றார்கள். மன்னார்குடியில் எழுபத்தெட்டு வயது மாமனார் வெயிலில் அலைந்து அந்த நகலை வாங்கி அனுப்பினார். அப்புறம் சிம்லாவில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினால், அவர் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஹிமாசலில் 1972 நிலச் சீர்திருத்தச் சட்டம், பிரிவு 118: விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாது, விவசாயி என்றால் ஹிமாசலுக்குள் நிலம் வைத்துத் தானே பயிர் செய்பவர். தஞ்சாவூர்ப் பக்கம் நூறு ஏக்கர் இருந்தாலும் கணக்கில் வராது.

இதைச் சொன்னதும் ஏஜென்ட் அசரவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி உங்களுக்குப் பவர் எழுதித் தருகிறோம் என்றார், அது வேண்டாம் என்றால் 99 வருடக் குத்தகை என்றார். குத்தகையும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது, பினாமி மாட்டினால் சொத்தே அரசுக்குப் போய்விடும். நேர்வழி இல்லாமல் இல்லை. வீடு கட்ட 500 சதுர மீட்டர் வரை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் அரசு வீட்டு வாரியமான ஹிமுடாவிடம் வாங்கலாம். மெதுவாக நடக்கும், ஆனால் வீடு நம் பெயரில் நிற்கும். 25,000 வாங்கிக்கொண்ட ஒருவர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

கடைசியாக, அப்படியானால் உத்தராகண்டில் பனிச்சறுக்கு நடக்கும் ஔலி பக்கம் பாருங்கள் என்றார்கள். ஔலிக்கு அடிவாரம் ஜோஷிமட். அந்த ஊரே பழைய நிலச்சரிவு மண்மேல் இருக்கிறது என்று 1976லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது, 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரியில் நாங்களாகவே வால்வோ பஸ் பிடித்துப் போய் அந்த மூன்றாவது வீட்டை மறுபடி பார்த்தோம். பூட்டியே கிடந்ததால் குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து, சமையலறைப் பித்தளைக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது, விரிசலில் நகம் நுழைந்தது. கீசரும் போயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா அவர்கள் குழாயைக் காட்டினார்: கறுப்பு பைப்பைச் சாக்கால் சுற்றி, ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டவிட்டு, அடியில் வாளி. வாளியின் ஓரத்தில் வளையமாகப் பனிக்கட்டி. வீட்டைப் பூட்டிவிட்டு டெல்லிக்குப் போவதானால் மெயின் வால்வை அடைத்துக் குழாயையும் கீசரையும் முழுக்கக் காலி செய்ய வேண்டுமாம். "வருடம் முழுக்க வசிக்கலாம்" என்று எழுதியிருந்த நிறுவனம் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சோலாங் போகும் வழியும் அப்படித்தான், பனி கொட்டினால் 4x4 வண்டிகளை மட்டும்தான் மேலே விடுகிறார்கள், நம் சின்ன காரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வண்டிக்கும் டிரைவருக்கும் முழு மார்க் தருவேன். வீடு காட்டியதற்குப் பாதி, சட்ட ஆலோசனைக்குப் பூஜ்யம். அந்தப் பங்கையாவது திருப்பித் தரச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டோம், பதில் வரவில்லை. அனுமதிக்கு விண்ணப்பம் போடலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. அதுவரை அடுத்த ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் மாடியை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.