இன்சர்ட் விசை யாருக்குப் போகிறது? திரைவாசிப்பானோடு விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி

விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஓட்டி, இரண்டிலும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருளை) வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் என்விடிஏவிடம் மணி கேட்க இன்சர்ட்+எஃப்12 அழுத்துகிறீர்கள். மணி சொல்கிறது. ஆனால் சொன்னது வெளியே இருக்கும் என்விடிஏ. இரண்டு கணினியிலும் ஒரே நேரம்தான் ஓடுகிறது என்பதால் தவறு நடந்ததே தெரியாது. பிறகு ஏதாவது ஒரு கட்டளை வேறு சன்னலில் போய் விழும்போதுதான் குழப்பம் புரியும்.

அதனால் மெய்நிகர் கணினியை ஓட்ட விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி ஆகியவற்றில் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை, உள்கணினியின் என்விடிஏவுக்கு வேறு குரல் வைப்பது. வெளியே இஸ்பீக் என்றால் உள்ளே விண்டோஸ் ஒன்கோர் குரல். யார் பேசுகிறார் என்று காதுக்குத் தெரியாமல் விசைச் சிக்கலைத் தேடுவது வீண். அடுத்து இன்சர்ட்+1 அழுத்தி உள்ளீட்டு உதவியைத் திறந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பாருங்கள். எந்தக் குரல் விசையின் பெயரைச் சொல்கிறதோ, விசை அங்கேதான் போயிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? என்விடிஏ விண்டோஸில் ஒரு விசைக் கொக்கி மாட்டி, எந்த சன்னலுக்கும் போகுமுன் விசையைப் பிடித்துக்கொள்கிறது. மெய்நிகர் கணினி மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு கொக்கி மாட்டலாம். கடைசியாக மாட்டியவருக்கே விசை முதலில் போகும். நேற்று ஒழுங்காக இருந்தது, இன்று என்விடிஏவை மறுதொடக்கம் செய்ததும் கெட்டுப்போனது என்றால் வரிசை மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும் எளிய தீர்வு ஒன்று உண்டு. வெளிக்கணினியில் என்விடிஏ அமைப்புகள், விசைப்பலகைப் பகுதிக்குப் போய், என்விடிஏ விசையாக, அதாவது கட்டளைகளுக்குச் சேர்த்துப் பிடிக்கும் விசையாக, கேப்ஸ் லாக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு இன்சர்ட்டையும் விட்டுவிடுங்கள். உள்ளே நேர்மாறாக, இன்சர்ட் மட்டும். அவசரத்துக்கு அமைப்பை மாற்ற முடியாவிட்டால் இன்சர்ட்டை வேகமாக இருமுறை அழுத்தி, இரண்டாவது முறை விடாமல் பிடியுங்கள். வெளி என்விடிஏ அதைச் சாதாரண விசையாகக் கருதி உள்ளே அனுப்பும்.

இனி மூன்றையும் பார்ப்போம். நிறுவல் கட்டத்திலேயே முதல் வேறுபாடு வந்துவிடுகிறது. விஎம்வேரிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் மெய்நிகர் ஒலி அட்டை உண்டு. ஹைப்பர்-வியின் அடிப்படை அமர்வில் அது இல்லை. விண்டோஸ் நிறுவலின்போது விண்டோஸ்+கன்ட்ரோல்+என்டர் அழுத்தி, விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்பினாலும் அங்கே ஒலி வராது. உள்கணினி முழுதாகத் தயாராகி, மேம்பட்ட அமர்வு இயங்கிய பிறகுதான் கேட்கும். அந்த அமர்வு தொலைமேசை (ரிமோட் டெஸ்க்டாப்) நெறிமுறையில் ஓடுவதால் உள்ளே விண்டோஸ் ஹோம் பதிப்பு வைத்தால் அதுவும் கிடைக்காது. கண் பார்க்காமல் தனியாக நிறுவ வேண்டியவருக்கு இது பெரிய தடை.

விசைகளை ஒப்பிட நான் எடுக்கும் அளவுகோல் அட்டவணை நகர்வு. இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணைக்குள் கட்டம் கட்டமாகப் போக என்விடிஏவில் கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு விசை. நாள் முழுக்கத் தேவைப்படும் கட்டளை அது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் கன்ட்ரோல்+ஆல்ட் என்பதே விசைப்பலகையை வெளியே விடுவிக்கும் கூட்டு. அட்டவணையில் வலப்பக்கம் நகரப் போனவர் உள்கணினியை விட்டே வெளியே வந்துவிடலாம். எடிட் பட்டியில் பிரிஃபரன்ஸஸ், ஹாட் கீஸ் போய் அதைக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆல்ட் என்று மாற்றினால் தொல்லை தீரும். மாற்ற விரும்பாதவர் கன்ட்ரோல்+ஆல்ட்+ஸ்பேஸ் அழுத்தி, ஸ்பேஸை மட்டும் விட்டு, பிறகு மூன்றாவது விசையைத் தட்டலாம். தினமும் இப்படித் தட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் மூன்றில் விஎம்வேரையே முதலிடத்தில் வைக்கிறேன், காரணம் வேறு. அதில் ‘என்ஹான்ஸ்டு கீபோர்டு’ என்ற ஓட்டி (டிரைவர்) உண்டு. நிறுவும்போது தனியாக டிக் செய்ய வேண்டிய விருப்பம் அது, முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பலர் அந்த டிக்கைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பிறகு உள்கணினியை அணைத்துவிட்டு, அதன் செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் அதை இயக்க வேண்டும். இந்த ஓட்டி விசையை விண்டோஸின் வழக்கமான பாதைக்குக் கீழேயே எடுத்து உள்ளே அனுப்புவதால் வெளி என்விடிஏவின் கொக்கிக்கு வேலையில்லாமல் போகிறது. 2024 நவம்பரிலிருந்து வொர்க்ஸ்டேஷன் புரோ எல்லோருக்கும் இலவசம் என்பதால் விலையும் தடையில்லை.

விர்ச்சுவல்பாக்ஸில் விசைப்பலகையை வெளியே விடுவிக்கும் விசைக்கு ஹோஸ்ட் விசை என்று பெயர், அது வலது கன்ட்ரோல் மட்டும். இடது கன்ட்ரோலைப் பயன்படுத்தினால் அட்டவணை நகர்வுக்கு மோதல் இல்லை. சிக்கல் வேறிடத்தில்: பேச்சை நிறுத்த எல்லோரும் கன்ட்ரோலைத் தட்டுவோம். வலதைத் தட்டும் பழக்கம் உள்ளவருக்கு ஒவ்வொரு தட்டலிலும் விசைப்பலகைப் பிடி விடுபடும், மறு தட்டலில் பிடிபடும். பாதி விசை உள்ளே, பாதி வெளியே. பிரிஃபரன்ஸஸ், இன்புட் பகுதியில் ஹோஸ்ட் விசையை வலது கன்ட்ரோல்+வலது ஷிஃப்ட் என்று இரட்டையாக்கிவிடுங்கள். வலது கன்ட்ரோலே இல்லாத மடிக்கணினிகளுக்கும் இந்த மாற்றம் அவசியம், அங்கே வேறு விசைகளைத் தேர்ந்தெடுங்கள். வெளியே ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாகி, நிலைப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தோன்றும். பேச்சு தாமதிப்பதை விசைக் கோளாறு என்று தவறாக நினைக்கும் இடம் இது.

ஹைப்பர்-வியில் கன்ட்ரோல்+ஆல்ட்+இடது அம்பு, சுட்டியை விடுவிக்கும் கூட்டு. அட்டவணையில் மற்ற மூன்று பக்கமும் போகலாம், இடப்பக்கம் மட்டும் திரும்ப முடியாது. ஹைப்பர்-வி அமைப்புகளில் மவுஸ் ரிலீஸ் கீயை ஷிஃப்டுடன் வரும் கூட்டுக்கு மாற்றலாம். மேம்பட்ட அமர்வில் தொலைமேசையே இடது, வலது இரண்டையும் தனக்கென வைத்திருக்கும். அங்கே உள் என்விடிஏவின் உள்ளீட்டுச் சைகைகள் பெட்டியில் அட்டவணைக் கட்டளைகளுக்கு வேறு விசை கொடுப்பதுதான் வழி.

வேலையிடத்தில் ஹைப்பர்-வி மட்டுமே அனுமதி என்றால் சன்னலோடு மல்லுக்கட்ட வேண்டாம். என்விடிஏ 2025.1 முதல் தொலை அணுகல் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ‘கட்டுப்படுத்தப்பட’, வெளியே ‘கட்டுப்படுத்த’ என்று இணைத்துவிட்டால் விசைகள் வலையமைப்பு வழியே போகும், பேச்சு உங்கள் சொந்தக் குரலில் வெளிக்கணினியிலேயே வரும். உள்ளே என்விடிஏ ஓடினால்தான் இது பயன்படும், நிறுவல் கட்டத்துக்கு உதவாது.

எதுவும் சரிப்படாவிட்டால் இன்னொரு யூஎஸ்பி விசைப்பலகையை வாங்கி உள்கணினிக்கென்றே ஒதுக்குங்கள். வெளிக்கணினி அந்தப் பலகையைப் பார்ப்பதே இல்லை, மோதலே கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸில் டிவைசஸ், யூஎஸ்பி பட்டியல். விஎம்வேரில் முதலில் யூஎஸ்பி கன்ட்ரோலர் அமைப்பில் ‘ஷோ ஆல் யூஎஸ்பி இன்புட் டிவைசஸ்’ என்பதை டிக் செய்ய வேண்டும். ஹைப்பர்-வியில் இந்த வழி இல்லை. இரண்டு பலகையும் ஒரே நிறுவனத்துடையது என்றால் பட்டியலில் பெயர் ஒன்றாகத் தெரியும். தவறானதைக் கொடுத்துவிட்டால் அதன் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான சில கோளாறுகள் இருக்கின்றன. இன்சர்ட்டையோ ஆல்ட்டையோ உள்ளே அழுத்தி, வெளியே வந்தபின் விட்டால், விட்ட செய்தி உள்ளே போய்ச்சேராது. உள்கணினி அது இன்னும் அழுத்தியிருப்பதாகவே நினைக்கும், ஒவ்வோர் எழுத்தும் கட்டளையாக மாறும். உள்ளே போய் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ், இன்சர்ட் என ஒவ்வொன்றையும் ஒருமுறை தட்டிவிட்டால் சரியாகும். எண்பலகையில் வரி படிக்க அழுத்தும்போது எண் விழுந்தால், உள்ளே நம்லாக் இயங்குகிறது. அதை உள்ளேயே அணைக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உள்கணினிக்குப் போவது விசையின் எண்தானே தவிர எழுத்து அல்ல. யூனிகோடு எழுத்தை நேரே சன்னலுக்குள் தள்ளும் தட்டச்சு மென்பொருள் வெளியே ஓடினால், உள்ளே ஒன்றும் விழாது. அதை உள்கணினியில் நிறுவி, வெளியே ஆங்கில அமைப்பில் விட்டுவிடுங்கள்.